கண்ணுக்குள் ஏதோ ஊர்கிறது: கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

கவுஞ்சிக்காரன் | திங்கள், இரவு 8.40

வணக்கம். இதை விவசாயப் பகுதியில் போடுவதா, உடல்நலப் பகுதியில் போடுவதா தெரியவில்லை. இங்கேதான் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

நேற்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மன்னவனூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு வண்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், இலைகூட அசையவில்லை. ஹெல்மெட் கண்ணாடி மங்கிப்போய்விட்டதால் எப்போதும் தூக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். திடீரென்று வலது கண்ணில் ஏதோ வந்து பட்டது. வண்டு மோதினால் வலிக்கும், இது வலிக்கவில்லை. யாரோ ஈர விரலைக் கண்ணருகே சுண்டிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

வீடு வந்து சேர்வதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி முக்கிக் கழுவினேன். சாயங்காலம் கண் செக்கச் செவேலென்று ஆனது. ஒரு மருந்துக்கடையில் காட்டினேன். மெட்ராஸ் ஐ என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

இன்றைக்குத்தான் பயம் வந்தது. உறுத்தல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. காலையில் மேல் இமைக்குள் இருந்தது, மத்தியானம் மூக்கோரம் வந்தது, இப்போது கீழே. வீட்டுக்காரி டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளை நூல் நுனி மாதிரி ஒன்று நெளிந்ததாம், உடனே மறைந்துவிட்டதாம். மறுபடி எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அம்மா, பக்கத்து ஊரில் கண்ணில் புழு எடுக்கும் ஒரு பாட்டியைக் கூட்டிவரச் சொல்கிறார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் விடிய விடிய இப்படி ஊர்ந்தால் நம்பிக்கை வந்துவிடும் போலிருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேலி வேண்டாம்.

---

மழைத்துளி88 | திங்கள், இரவு 8.52

மெட்ராஸ் ஐயேதான் அண்ணே. போன வருடம் எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் வந்தது. மணல் போட்ட மாதிரி உறுத்தும். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருங்கள், ஐந்து நாளில் போய்விடும்.

---

பட்டிக்காரர்மகன் | திங்கள், இரவு 9.15

அண்ணே, ஒரே கேள்வி. கண்ணில் பட்ட நேரத்தில் பக்கத்தில் ஆடு இருந்ததா? செம்மறியோ வெள்ளாடோ, எதுவானாலும்.

---

கவுஞ்சிக்காரன் | திங்கள், இரவு 9.21

இருந்தது! எப்படிக் கேட்டீர்கள்? வளைவில் ஒரு செம்மறி மந்தை ரோட்டைக் கடந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் நின்றேன். கிளம்பும்போதுதான் பட்டது.

---

பட்டிக்காரர்மகன் | திங்கள், இரவு 9.44

எங்கள் அப்பா அறுபது எழுபது செம்மறி வைத்திருந்தவர். உச்சி வெயிலில் ஆடுகள் திடீரென்று மேய்வதை நிறுத்திவிட்டு வட்டமாகக் கூடிக்கொள்ளும். ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று மூக்கை நுழைத்துக்கொள்ளும். சில ஆடு மூக்கைத் தரையோடு ஒட்டிவைத்துக் காலால் உதைக்கும். சின்ன வயதில் வெயிலுக்கு நிழல் தேடுகிறது என்று நினைத்தேன். அப்பா, "மூக்குக்கு ஈ வருதுடா, ஒளிச்சுக்குது" என்பார். அந்த நேரத்தில் துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கண் மட்டும் கொஞ்சம் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை அவருக்கே நீங்கள் சொல்கிற மாதிரி கண்ணில் பட்டது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். உள்ளே இருந்தது புழு. அதனால் சொல்கிறேன், வீட்டுக்காரி பார்த்தது பொய்யாக இருக்காது. பாட்டியும் வேண்டாம், மருந்துக்கடையும் வேண்டாம். காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டர்.

---

மழைத்துளி88 | திங்கள், இரவு 9.50

ஐயோ. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கு எனக்குத் தூக்கம் போச்சு.

---

ஸ்லிட்லாம்ப்_தேனி | திங்கள், இரவு 10.30

நான் டாக்டர் இல்லை, கண் பரிசோதகர். பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி வந்தவர்களை ஒரு கை விரல் எண்ணிக்கையில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பட்டிக்காரர்மகன் சொன்ன ஈயின் பெயர் ஈஸ்ட்ரஸ் ஓவிஸ். லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம், உடம்பில் கரும்புள்ளிகள். இதற்குச் சாப்பிட வாயே சரியாகக் கிடையாது. பெரிய ஈயாக ஆனபிறகு சாப்பிடுவதில்லை, குட்டி போடுவது ஒன்றுதான் அதற்கு வேலை. குட்டி என்று தெரிந்தேதான் எழுதினேன். பெரும்பாலான ஈ முட்டை வைக்கும், இது வயிற்றுக்குள்ளேயே பொரித்த புழுவாக வைத்திருக்கும். ஆட்டின் மூக்குத் துளைக்கு நேராகப் பறந்து வந்து, உட்காராமலேயே, ஈரத்தோடு சேர்த்துப் புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போய்விடும். நீங்கள் "ஈர விரலால் சுண்டின மாதிரி" என்று எழுதியதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மனிதனின் கண் அதற்குத் தவறிப்போன இலக்கு. பளபளவென்று ஈரமாக ஒன்று தெரிகிறது, ஆட்டு மூக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறது. நீங்கள் சுத்தமில்லாமல் இருந்ததால் வந்ததல்ல இது. ஆடே வளர்க்காதவர்களுக்கும் வரும். நான் பார்த்ததில் ஒருவர் சுற்றுலா வந்தவர்.

புழு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். முன்பக்கம் இரண்டு கறுப்புக் கொக்கி இருக்கும். அந்தக் கொக்கியால் வெண்விழியின் மேலுள்ள மெல்லிய சவ்வைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நீங்கள் வாளி வாளியாகக் கழுவியும் போகவில்லை. இன்னொன்று, வெளிச்சம் அதற்கு ஆகாது. டார்ச் அடித்ததும் இமைக்கடியில் உள்ள மடிப்புக்குள் ஓடிவிடும். வீட்டுக்காரி ஒருமுறை பார்த்ததே பெரிய விஷயம். ஸ்லிட் லாம்ப் என்கிற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியில்கூட முழு வெளிச்சம் வைத்தால் தப்பிவிடும், விளக்கைக் குறைத்து, மேல் இமையைத் திருப்பிப்போட்டுப் பார்க்கவேண்டும். அவசரத்தில் பார்த்துவிட்டுச் சாதாரணக் கண் சிவப்பு என்று அனுப்பிவிடுவது இப்படித்தான் நடக்கிறது. போனதும் வாயைத் திறந்து சொல்லுங்கள்: "ஆட்டு மந்தை பக்கத்தில் ஏதோ பட்டது, உள்ளே ஊர்கிறது, மேல் இமையைத் திருப்பிப் பாருங்கள்."

அதுவரை கண்ணைக் கசக்கவேண்டாம். எதையும் ஊற்றவேண்டாம். அந்த மருந்துக்கடைச் சொட்டின் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் டாக்டருக்குத் தெரிந்தாகவேண்டும். தோட்ட வேலை செய்கிறவர்கள் கண்ணில் இலையோ குச்சியோ பட்டுப் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கம் சாதாரணம், அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் எரிகிற அடுப்பில் சீமெண்ணெய்.

---

பழைய_பஞ்சாங்கம் | திங்கள், இரவு 10.58

இதற்கெல்லாம் மலையிறங்கவேண்டுமா? மாட்டுக்குப் புண்ணில் புழு வைத்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? சீத்தா இலையை அரைத்து வைப்போம், இல்லாவிட்டால் வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து விடுவோம். புழு பொலபொலவென்று கொட்டிவிடும். டர்பன்டைன் இன்னும் நல்லது. கண்ணுக்கு என்றால் தாய்ப்பாலில் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி நாலு சொட்டு விடுங்கள். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம்.

---

ஸ்லிட்லாம்ப்_தேனி | திங்கள், இரவு 11.05

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாட்டுத் தொடையும் கண்மணியும் ஒன்றா? சீத்தா விதைப் பொடி கண்ணில் பட்டுக் கருவிழி வெந்துபோய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேன் மருந்தாகத் தலையில் தேய்த்தது வழிந்து கண்ணில் இறங்கியது, அதற்கே அந்தக் கதி. டர்பன்டைன், கற்பூரம், வேப்பெண்ணெய் எதுவுமே கண்ணுக்குள் போகக்கூடாது. தாய்ப்பாலும் பூவும் அந்த அளவுக்குச் சுடாது, ஆனால் கிருமி சேரும், கொக்கி போட்ட புழுவை அசைக்கவும் செய்யாது.

---

நெறியாளர் | திங்கள், இரவு 11.10

கண்ணில் எதையாவது ஊற்றச் சொல்லும் குறிப்புகளை இனி நீக்கிவிடுவேன். மேலே உள்ளதைப் பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

---

பூண்டுக்காடு | செவ்வாய், காலை 6.20

பூம்பாறையிலிருந்து. அந்தப் புழு எடுக்கிற பாட்டி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

பல்லில் புழு எடுப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, குழாய் வைத்து அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரில் துப்பினால் வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு மிதக்கும். பல் புழு! என் அத்தை அதை நம்பி மூன்று பல்லை இழந்தார். பள்ளியில் தாவரவியல் எடுத்த வாத்தியார்தான் எனக்கு விளக்கினார். கத்தரிக் குடும்பத்து விதைக்குள் முளைக்கரு சுருண்டுதான் இருக்கும். சூட்டில் விதை வெடித்தால் அது வெளியே வந்துவிடும். பார்த்தால் அச்சு அசல் புழு.

கண்ணில் எடுக்கிறவர்கள் இன்னும் கைத்திறமைக்காரர்கள். இமைக்கடியில் நாக்கை விட்டு எடுப்பவர்கள் உண்டு, துணியால் துடைத்து எடுப்பவர்கள் உண்டு. புழு வாயிலோ நகத்திலோ முன்கூட்டியே இருக்கும்.

---

பட்டிக்காரர்மகன் | செவ்வாய், காலை 7.02

பூண்டுக்காடு சொல்வது சரி. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது (கண்ணில் இல்லை). கண்ணில் புழு இருக்கலாம் என்ற பேச்சு மேய்ச்சல்காரர்களிடம் சும்மா வந்திருக்குமா? ஆயிரத்தில் ஒருவருக்கு உண்மையிலேயே இருந்திருக்கும். யாரோ ஒருத்தி துணி நுனியால் துடைத்து உண்மையிலேயே எடுத்தும் இருப்பாள். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் எடுத்துக்காட்ட வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். எல்லாமே முதல் நாளிலிருந்தே மோசடி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

---

பூண்டுக்காடு | செவ்வாய், காலை 7.15

இருக்கலாம். அத்தையின் மூன்று பல் திரும்ப வராது.

---

மழைத்துளி88 | செவ்வாய், காலை 9.40

தூங்காமல் படம் தேடித் தேடிப் பார்த்துத் தொலைத்தேன். ஒருவருக்குக் கண் இருந்த இடமே குழியாகி, குழி நிறையப் புழு. இதுதான் அண்ணனுக்கும் ஆகுமா? யாராவது இல்லையென்று சொல்லுங்கள்.

---

வார்டு_சிஸ்டர் | செவ்வாய், காலை 10.25

இல்லை கண்ணு. அது வேறு ஈ, வேறு நோய். ஓய்வுபெற்ற நர்ஸ் நான், அதையும் கையால் தொட்டவள்.

கிரைசோமியா பெசியானா என்று ஒரு பச்சை நீல ஈ இருக்கிறது. அது திறந்த புண்ணைத் தேடிவந்து ஒரே நேரத்தில் நூறு, இருநூறு முட்டை வைக்கும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். சாதாரண ஈப்புழு செத்த சதையைத்தான் தின்னும், இது உயிருள்ள சதையைத் துளைத்துத் தின்னும், திருகாணி மாதிரி தலைகீழாக உள்ளே இறங்கும். ஐந்தாறு நாளில் கொழுத்துக் கீழே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். மாடு, நாய்களுக்குப் புண்ணில் புழு வைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

நான் பார்த்தது ஒரு பெரியவர். இமையில் கட்டி வந்து புற்றாகி உடைந்திருக்கிறது. தனியாக இருந்த மனிதர், பார்க்க ஆள் இல்லை, சர்க்கரை வேறு. துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் தள்ளியிருக்கிறார். கொண்டுவந்தபோது வாசலிலேயே நாற்றம். டாக்டர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள், நான் கிண்ணம் பிடித்தேன். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். அப்படியும் கண்ணைச் சுற்றியுள்ளதோடு சேர்த்து எடுக்கவேண்டியதாயிற்று. அவர் அதற்கு அழவில்லை. மருமகள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள் என்றதும்தான் அழுதார்.

அந்த நோய்க்குப் புண் வேண்டும், கவனிப்பார் இல்லாத நாட்கள் வேண்டும். கவுஞ்சித் தம்பிக்குக் கண் நல்ல கண். அவருக்கு இருப்பது ஆட்டு ஈயின் புழுவாக இருந்தாலும்கூட, அது ஆட்டு மூக்கில் மட்டும்தான் வளர முடியும். மனிதக் கண்ணில் முதல் பருவத்தைத் தாண்டாமல் பத்து நாளுக்குள் செத்துவிடும்.

---

பழைய_பஞ்சாங்கம் | செவ்வாய், காலை 10.40

தானே செத்துவிடும் என்றால் அப்புறம் எதற்குத் தேனி, மதுரை?

---

ஸ்லிட்லாம்ப்_தேனி | செவ்வாய், மதியம் 1.10

நல்ல கேள்விதான் ஐயா. கொக்கியும் உடம்பில் வரிசை வரிசையாக முள்ளும் உள்ள ஒன்று, பத்து நாள் கருவிழி மேல் நடந்தால் கீறல் விழும். கீறலில் கிருமி ஏறினால் புண். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும், அதுவும் நடு விழியில் நின்றால் பார்வை போச்சு. மிக அபூர்வமாகக் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும் ஈப்புழுக்களும் உண்டு. அது பெரும்பாலும் மாட்டுத் தோலுக்கடியில் புழு வளர்ந்து புடைப்பு வைக்கச் செய்யும் ஈயின் வகை. விழித்திரைக்கு அடியில் சுரங்கம் தோண்டியது போலத் தடம் விட்டுப்போகும், லேசர் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். ஆட்டு ஈக்கு அந்த வழக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனாலும் உள்ளே இருப்பது எந்த ஈ என்று எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்?

---

கால்நடை_ஒட்டன்சத்திரம் | செவ்வாய், மாலை 4.30

கால்நடை மருத்துவர். ஆட்டின் பக்கத்தை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

ஆட்டுக்கு இந்தப் புழு மூக்கு வழியே ஏறி, நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இரண்டு முறை சட்டை உரித்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரும். மாதக்கணக்கில் சளி ஒழுகும், சில சமயம் ரத்தம் கலந்துவரும். தும்மித் தும்மி ஆடு மேய்ச்சலை விட்டுவிடும். மூச்சு விடும்போது குறட்டை மாதிரி சத்தம் கேட்கும். கடைசியில் ஒரு தும்மலில் கொழுத்த புழு மண்ணில் விழும், கூடாகும், சில வாரங்களில் ஈயாக எழும். குளிர் அதிகமானால் கூட்டுக்குள்ளேயே நாட்களைத் தள்ளும். வெயிலும் காற்றில்லாத மத்தியானமும் அதற்குப் பிடித்தவை. கவுஞ்சிக்காரர் சொன்ன நேரமும் அதுதான்.

மேல்மலையில் செம்மறி புதிதல்ல. ராஜஸ்தானில் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய ஆட்டு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமே மன்னவனூரில்தான் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கத்தான் சுற்றுலாக் கூட்டம் அங்கே வருகிறது. கம்பளி ஆட்டுக்கு இந்தக் குளிர் ஒத்துவரும், அதனால் ஊர்க்காரர்களும் வளர்க்கிறார்கள். எருவுக்காகக் கீழேயிருந்து மந்தை ஓட்டிவந்து உருளைக்கிழங்குக் காட்டில் கிடை போடுவதும் உண்டு. எந்த ஆட்டிலிருந்து எந்த ஈ வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. ஈக்கு எல்லை தெரியாது. ஆகவே யார் மந்தை என்று இங்கே ஆள் தேட வேண்டாம்.

வைத்தியம் ஆட்டுக்குத்தான் செய்யவேண்டும். ஐவர்மெக்டின் ஊசி காற்றறைக்குள் இருக்கும் புழுவையும் கொல்லும். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது, 1981-ல் கால்நடைக்குத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்ததற்கு ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் கிடைத்தது. ஆட்டின் எடை பார்த்துத்தான் அளவு. போட்டபிறகு எத்தனை நாள் கறிக்கு வெட்டக்கூடாது என்பதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதை ஒருத்தரும் கேட்பதே இல்லை. யாராவது இதைப் படித்துவிட்டு ஆட்டு ஊசி மருந்தைத் தன் கண்ணில் விட்டால் நான் பொறுப்பில்லை.

---

பூண்டுக்காடு | செவ்வாய், மாலை 5.05

டாக்டர் சார், குழந்தைகள் கண்ணைச் சுற்றி மொய்க்குமே, கடுகளவு கறுப்பு ஈ, அதுவும் இப்படிப் புழு விடுமா? எங்கள் திண்ணைக் கொடிக்கயிறு முழுக்க அதுதான்.

---

கால்நடை_ஒட்டன்சத்திரம் | செவ்வாய், மாலை 5.20

விடாது. அது சிஃபன்குலினா வகை. தொங்குகிற கயிறு, நூல், ஒட்டடை என்றால் அதற்கு அவ்வளவு ஆசை, அதனால் பெயரே ஃபூனிகோலா, கயிற்றில் குடியிருப்பது என்று அர்த்தம். கண்ணீரைக் குடிக்கத்தான் வருகிறது. ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணிலிருந்து இன்னொரு பிள்ளைக்குக் கண்நோயைக் காலில் ஒட்டிக்கொண்டு போகும். கயிற்றைக் கழற்றிவிடுங்கள், பாதி குறையும்.

---

கொடுவிலார்பட்டி | செவ்வாய், மாலை 6.45

ஆட்டு ஈ மனிதன் மேல் தவறாக விடுவது நம் ஊரில் மட்டும் இல்லை. அல்ஜீரியாவில் மலைவாழ் மேய்ப்பர்களிடம் இதற்குத் தனிப்பெயரே உண்டு, திம்னி. செர்ஜென்ட் சகோதரர்கள் 1907-ல் எழுதியிருக்கிறார்கள். அங்கே கண் மட்டுமல்ல, மூக்கு, தொண்டை என்றும் விட்டுவிடுமாம். உடம்பில் ஈப்புழு வைப்பதற்கு மயாசிஸ் என்று 1840-ல் பெயர் வைத்தவர் ஹோப் என்ற பூச்சியியல்காரர். நமக்கு அந்தப் பேரெல்லாம் எதற்கு, "புழு வெச்சிருச்சு" என்ற நாலெழுத்துச் சங்கதி போதும். (நாலெழுத்துக்கு மேல் இருக்கிறது, எண்ணாதீர்கள்.)

---

மழைத்துளி88 | செவ்வாய், இரவு 8.30

கவுஞ்சி அண்ணே, இருக்கிறீர்களா? காலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

---

கவுஞ்சிக்காரன் | புதன், இரவு 9.10

இருக்கிறேன். இரண்டு கண்ணோடும் இருக்கிறேன். ஒரு கண்ணால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் மன்னியுங்கள்.

நேற்று விடியற்காலை முதல் பஸ். மலையில் நான் முதலில் போன இடத்தில் கருவி இருந்தது, பார்க்கிறவர் அன்றைக்கு விடுப்பு. "நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்கு வரை யார் பொறுப்பது? பெருமாள்மலை, டம்டம் பாறை எல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்கினேன். காட்ரோட்டில் மாறி, பெரியகுளம் வழியாகத் தேனி. ஸ்லிட்லாம்ப் எழுதிக்கொடுத்த வாக்கியத்தைப் போனில் வைத்துக்கொண்டு அப்படியே படித்தேன். டாக்டர் அம்மா சின்ன வயதுக்காரர். சிரித்துவிட்டு, "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

முகவாயை அந்த ஸ்லிட் லாம்ப் கருவியில் வைத்து உட்காரவேண்டும். முதலில் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார். எரிந்தது, அப்புறம் கண் இருப்பதே தெரியவில்லை. விளக்கைக் குறைத்தார். மேல் இமையை ஒரு பஞ்சுக் குச்சியில் மடக்கிப் புரட்டினார். அது வலிக்கவில்லை, ஆனால் இமையின் உட்பக்கம் வெளியே இருக்கிறது என்ற நினைப்பே வயிற்றைக் கலக்கியது. ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆமா, இருக்கு" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் எனக்குப் பயம் போய்விட்டது என்றால் நம்புவீர்களா? இரண்டு நாளாக நான் பைத்தியம் பிடித்தவன் மாதிரி என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மெல்லிசான இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். மரத்துப்போகும் மருந்தில் புழுக்களும் சோர்ந்துவிடுமாம், அப்போதுதான் பிடி தளருமாம். ஒன்றை இழுக்கும்போது சவ்வும் கூடவே கூடாரம் மாதிரி எழுந்து, பிறகு பட்டென்று விட்டது. எனக்குத் தெரியவில்லை, பக்கத்துத் திரையில் பார்த்த வீட்டுக்காரி சொன்னாள். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது. ஒரு கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். தலையில் இரண்டு கறுப்புக் கொக்கி, கதிர் அரிவாளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்த மாதிரி. உடம்பு கட்டம் கட்டமாக. நெளிந்துகொண்டுதான் இருந்தது.

ஒன்பதோடு முடியவில்லை. மறுநாளும் வரச் சொன்னார், மடிப்பில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்குமாம். தேனியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். இன்று காலை பார்த்தபோது இன்னும் இரண்டு. ஆகமொத்தம் பதினொன்று. கருவிழியில் ஓரமாகக் கீறல் இருக்கிறது, நடுவில் இல்லை. ஆன்டிபயாடிக் சொட்டு ஒரு வாரம். மருந்துக்கடைப் பெட்டியைக் காட்டினேன், படித்துவிட்டு மேசைக்கடியில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணை விரித்துப் பின்பக்கமும் பார்த்துவிட்டார், உள்ளே எதுவும் போகவில்லை. வீட்டில் யாருக்கும் ஒட்டாது, என் கண்ணுக்குள் முட்டை போட்டுப் பெருகாது என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

---

ஸ்லிட்லாம்ப்_தேனி | புதன், இரவு 9.25

பதினொன்று! நான் பார்த்ததில் அதிகம் ஏழு. சனிக்கிழமை மறுபடி ஒருமுறை காட்டிவிடுங்கள். உறுத்தல் குறையாவிட்டால் சனிவரை காத்திருக்க வேண்டாம்.

---

பட்டிக்காரர்மகன் | புதன், இரவு 9.40

நிம்மதி. அண்ணே, அந்த ஹெல்மெட் கண்ணாடி?

---

கவுஞ்சிக்காரன் | புதன், இரவு 10.05

தேனியிலேயே புதுசு வாங்கியாகிவிட்டது. வீட்டுக்காரி பணம் கொடுத்தாள், பேசவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டாக்டர் அம்மா இரண்டு புழுவை ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டுத் தந்தார், நான்தான் கேட்டு வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அந்தப் புழு எடுக்கும் பாட்டியோடு திரும்பி வருகிறார். பாட்டி வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னது:

"இத்தினியூண்டா? இதுக்கா தேனி வரைக்கும் போனே? நான் எடுக்கிறது ஒவ்வொண்ணும் நெல்லு மாதிரி இருக்கும்."